தமிழ் எழுத்து உடைந்து தெரிகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

போன ஆடி மாதம் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒரு பென்டிரைவைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். அவருடைய அம்மா பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் அதற்குள் இருந்தன. 2002-இல், அம்மா இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதி, ஒரு டிடிபி கடையில் கொடுத்து அடித்து வாங்கியவை. கையால் எழுதிய நோட்டு வீடு மாறும்போது தொலைந்துவிட்டது.

"தம்பி, கடையில காட்டினேன். வைரஸ் புகுந்துடுச்சு, உள்ள ஒண்ணுமில்ல, ஃபார்மட் அடிச்சுத் தரவான்னு கேட்டாங்க. எனக்கு மனசு வரல" என்றார்.

கோப்பைத் திறந்தேன். முதல் வரியிலேயே ஆங்கில எழுத்தில் எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச். பதினெட்டு வருடம் டிடிபி வேலை பார்த்தவன் நான். அந்த ஐந்து குறிகளும் எனக்கு 'அம்மா' என்றுதான் படிக்கும். "ஐயா, இதுல வைரஸே இல்லீங்க. பாட்டு அப்படியேதான் இருக்கு. எழுத்துருதான் இல்ல" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

அன்றைக்கே இதை எழுதவேண்டும் என்று தோன்றியது. தமிழ் உடைந்து தெரிந்தவுடன் நம்மவர்கள் செய்வது இரண்டில் ஒன்று: அழித்துவிடுகிறார்கள், அல்லது உட்கார்ந்து முதலிலிருந்து தட்டுகிறார்கள். பெரும்பாலான நேரம் இரண்டுமே தேவையில்லை. கோப்புக்குள் எழுத்துக்கான எண்கள் இருக்கின்றன. அந்த எண்களை எந்தக் கணக்கில் படிப்பது என்று நிரல் முடிவு செய்கிறது. எழுத்துரு அதற்கு உருவம் தருகிறது. கடைசியாகக் கொம்பையும் காலையும் உரிய இடத்தில் கோத்து வைக்க ஓர் ஏற்பாடு இருக்கிறது. இந்த நாலில் எது தவறினாலும் திரையில் தெரியும் கோலம் வேறு. அந்தக் கோலத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடலாம்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். கோப்பை வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். சோதனை எல்லாம் பிரதியில். உடைந்து தெரியும் நிலையில் 'சேவ்' பொத்தானைத் தொடாதீர்கள். 'மாற்றங்களைச் சேமிக்கவா' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி மூடுங்கள். பறிபோன கோப்புகளில் நான் பார்த்தவை அநேகமாக அந்த ஒரு தட்டலில்தான் போயிருக்கின்றன.

கட்டம் கட்டமாகத் தெரிகிறது: □□□□

கவலையே வேண்டாத அறிகுறி இது. எண்கள் சரியாக இருக்கின்றன, நிரலும் சரியாகத்தான் படித்திருக்கிறது. உருவம் தர எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். இந்தக் கட்டத்துக்குக் கணினிக்காரர்கள் 'டோஃபு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கூகுளின் 'நோட்டோ' எழுத்துருக்களின் பெயரே 'நோ டோஃபு', அதாவது கட்டமே வரக்கூடாது என்பதிலிருந்து வந்ததுதான்.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 'நிர்மலா யூஐ' என்ற எழுத்துரு கூடவே வருகிறது. தமிழுக்கு அது போதும். பழைய கோப்பு 'லதா' எழுத்துருவில் இருந்து அதே தோற்றம் வேண்டுமென்றால், தேடல் பெட்டியில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' என்று தேடித் திறந்து, 'தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்' என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். லதாவும் விஜயாவும் வந்துவிடும்.

எல்லாம் நன்றாக இருந்து ஓரிரு எழுத்து மட்டும் கட்டமாக வந்தால், அது யூனிகோடில், அதாவது உலக மொழிகளின் எழுத்துக்கெல்லாம் எண் தரும் பொதுப் பட்டியலில், பின்னால் சேர்ந்த எழுத்தாக இருக்கும். 'ஶ' 2005-இல்தான் சேர்ந்தது. அரைக்கால், மாகாணி போன்ற பழைய பின்னக் குறிகள் 2019-இல்தான் வந்தன. பழைய கணினிக்கு அவை தெரியாது. பத்திரம் படிக்கிறவர்கள், பழைய கணக்கு ஏடுகளைத் தட்டச்சு செய்கிறவர்கள் 'நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட்' என்ற எழுத்துருவைத் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும்.

கைக்கடிகாரம், காரில் உள்ள பாட்டுப்பெட்டி, பழைய டிவி ஆகியவற்றில் கட்டம் வந்தால் உங்கள் கையில் அதிகம் இல்லை. அந்தக் கருவிக்குள் தமிழ் எழுத்துருவே வைக்கப்படவில்லை. மென்பொருள் புதுப்பிப்பு இருந்தால் போட்டுப் பாருங்கள். பென்டிரைவில் பாட்டின் பெயர் கட்டமாகத் தெரிந்தாலும் பாட்டு ஓடும். ஓடவில்லையென்றால் கோப்பின் பெயரை ஆங்கில எழுத்தில் மாற்றிப் பாருங்கள்.

வரிசையாகக் கேள்விக்குறி: ?????

இதுதான் எனக்குப் பயம் தரும் அறிகுறி. கட்டத்துக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கட்டம் என்றால் எழுத்து இருக்கிறது, முகம் தெரியவில்லை. கேள்விக்குறி என்றால் அநேகமாக எழுத்தே போய், அதன் இடத்தில் நிஜமான கேள்விக்குறி உட்கார்ந்துவிட்டது.

'தமிழ்' என்ற சொல்லில் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு அது ஐந்து எண்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. 'தமிழ்' இருந்த இடத்தில் சரியாக ஐந்து கேள்விக்குறி நின்றால், யாரோ அந்தக் கோப்பை 'ஆன்சி' முறையில் சேமித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். விண்டோஸின் அந்தப் பழைய முறையில் தமிழுக்கென்று இடமே ஒதுக்கப்படவில்லை. இடமில்லாத எழுத்தையெல்லாம் அது கேள்விக்குறியாக மாற்றிவிடும். ஐந்து எண்களும் ஒரே எண்ணாகிவிட்டபின் எந்த மென்பொருளும் திருப்பித் தர முடியாது. "மீட்டுத் தருகிறேன்" என்று காசு கேட்கிறவரிடம் கொடுக்காதீர்கள்.

செய்யக்கூடியது, மூலத்தைத் தேடுவது. அனுப்பியவருடைய போனில் பாருங்கள்; அனுப்பிய மின்னஞ்சல் பெட்டியில் பாருங்கள்; வாட்ஸ்அப் உரையாடலில் மேலே போய்ப் பாருங்கள்; கூகுள் டிரைவில் இருந்தால் 'வெர்ஷன் ஹிஸ்டரி' பாருங்கள். பலமுறை எனக்கு அங்கே கிடைத்திருக்கிறது.

இனிமேல் வராமலிருக்க: நோட்பேடில் சேமிக்கும்போது 'என்கோடிங்' என்ற இடத்தில் 'யூடிஎஃப்-8' (யூனிகோட் எண்களைக் கோப்பில் எழுதிவைக்கும் முறை) இருக்கவேண்டும். 2019-க்குப் பிந்தைய விண்டோஸ் 10-இல் அது தானாகவே அப்படித்தான் இருக்கும். விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு முறையும் கையால் மாற்றவேண்டும். 'சில எழுத்துகள் இழக்கப்படும்' என்று அது எச்சரிக்கும். நாம் அவசரத்தில் சரி என்று தட்டிவிடுகிறோம்.

கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி (�) வந்தால் கதை வேறு. அங்கே நிரல் தப்பான கணக்கில் படித்துக்கொண்டிருக்கிறது; கோப்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சேமிக்காமல் மூடி, கீழே வரும் வழியில் திறந்து பாருங்கள்.

தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ', வட்டத்துக்குள் 'ஆர்'

வங்கிக் கணக்கு, சங்க உறுப்பினர் பட்டியல், கல்யாண மொய்ப் பட்டியல் என்று எதையாவது சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த பட்டியல்) கோப்பாக இறக்கி எக்செலில் திறந்தால் வருவது இது. சின்ன 'ஏ'யின் தலையில் சாய்ந்த கோடு, அதையடுத்து வட்டத்துக்குள் 'ஆர்', சில இடத்தில் ஆருக்குப் பதில் ஒரு சிறு மேல்கோடு. இந்த இணை திரும்பத் திரும்ப வந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்: இது நல்ல யூனிகோட் தமிழ், நிரல் அதை ஐரோப்பிய எழுத்து என்று நினைத்துப் படிக்கிறது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட், அதாவது கோப்பில் மூன்று சிறு இடம், எடுக்கும். எக்செல் அந்த மூன்றையும் தனித்தனி எழுத்தாகக் காட்டுகிறது. ஏழு குறியுள்ள 'வணக்கம்' இருபத்தொரு குப்பை எழுத்தாக நீளும்.

கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள். வெற்று எக்செலைத் திறந்து, 'டேட்டா' பட்டியில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' தட்டி, கோப்பைத் தேர்ந்தெடுங்கள். வரும் சன்னலில் 'ஃபைல் ஆரிஜின்' என்ற இடத்தில் 65001 யூனிகோட் என்பதைத் தேர்ந்தால் கண்முன்னே தமிழ் மலரும். எக்செல் இல்லாதவர்கள் கூகுள் ஷீட்ஸில் ஏற்றுங்கள். அது தானே புரிந்துகொள்ளும். நீங்கள் பிறருக்கு அனுப்பும்போது வெறும் 'சிஎஸ்வி' என்று சேமிக்காமல் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்பதில் சேமியுங்கள்.

இந்தக் குப்பையையே யாராவது நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டியிருந்தால் திருப்புவது கடினம். புள்ளிக்கும் உகரக் குறிக்கும் உரிய கடைசி பைட்டுகளுக்கு அந்த ஐரோப்பியப் பட்டியலில் உருவம் கிடையாது. ஒட்டும்போது சில நிரல்கள் அவற்றை உதிர்த்துவிடும். மீட்ட பிறகு 'கண்ணன்' 'கணணன' என்று வந்தால் காரணம் இதுதான்.

ஆங்கிலம் போலவே இருக்கிறது, ஆனால் படிக்க முடியவில்லை

ஆசிரியருடைய பென்டிரைவில் இருந்தது இந்தச் சிக்கல்தான். விண்டோஸ் 2000-இல்தான் மைக்ரோசாஃப்ட் தமிழை யூனிகோட் முறையில் சேர்த்தது. அதற்கு முன்பும், அதற்குப் பிறகு வெகுகாலமும், நாம் ஒரு தந்திரம் செய்துகொண்டிருந்தோம். ஆங்கில எழுத்தின் எண்ணிலேயே தமிழ் உருவத்தை வைத்த எழுத்துருக்கள். கணினி 'ஜே' என்று நினைத்துக்கொண்டு 'த' வரையும். எழுத்துரு இருக்கும்வரை தமிழ். அதை எடுத்துவிட்டால் ஆங்கிலக் கிறுக்கல்.

எந்த எழுத்துரு என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. வேர்டு கோப்பாக இருந்தால் சுலபம். உரையைத் தேர்ந்தெடுத்து மேலே எழுத்துருப் பெட்டியைப் பாருங்கள். கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் வேர்டு அதன் பெயரை மறக்காது. 'ஆப்ஷன்ஸ்', 'அட்வான்ஸ்டு' வழியாக 'ஃபான்ட் சப்ஸ்டிடியூஷன்' போனால் இல்லாத எழுத்துருக்களின் பட்டியலே கிடைக்கும். பெயர் 'டேப்' என்று தொடங்கினால் டேப் முறை, 'டாம்' என்று தொடங்கினால் டாம் முறை. இவ்விரண்டும் 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு தரப்படுத்தியவை. 'டிஎஸ்சி' என்றால் டிஸ்கி என்ற இன்னொரு பழைய முறை. அரசு அலுவலகக் கோப்பு என்றால் 'வானவில்' எழுத்துருவா என்று முதலில் பார்ப்பேன். 2010-இல் அரசு யூனிகோடையும் தமிழுக்கென்றே அமைந்த டேஸ்-16 முறையையும் தரமாக ஏற்ற பிறகும் வானவில் கோப்புகள் பல ஆண்டு வந்துகொண்டுதான் இருந்தன.

பெயர் கிடைக்கவில்லையென்றால் எழுத்தைப் பாருங்கள். விசைப்பலகையில் கண்ணால் பார்க்கும் சாதாரண ஆங்கில எழுத்துகளும், இடையிடையே ஏராளமான அரைப்புள்ளிகளும் இருந்தால் அது பாமினி என்ற எழுத்துரு. அந்த அரைப்புள்ளிதான் நம்முடைய மெய்ப்புள்ளி. 'தமிழ்' என்பது பாமினியில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. இந்த ஐந்தும் சேர்ந்து எங்காவது நின்றால் சந்தேகமே வேண்டாம். இலங்கைத் தமிழர் வீட்டுக் கோப்புகளில் மிகுதியாகக் காண்பது இதைத்தான். விசைப்பலகையிலேயே இல்லாத, கோடும் புள்ளியும் கொண்ட ஐரோப்பிய எழுத்துகள் நிறைந்திருந்தால் மற்ற முறைகளில் ஒன்று.

முறை தெரிந்ததும், பழைய முறையை யூனிகோடாக மாற்றித் தரும் 'மாற்றி' மென்பொருளுக்குள் போடவேண்டியதுதான். 'என்எச்எம் கன்வர்ட்டர்', 'பொங்குதமிழ்' மாற்றி இரண்டும் நான் வருடக்கணக்காகப் பயன்படுத்துபவை. முழுக் கோப்பையும் ஒரே மூச்சில் ஒட்டாதீர்கள். ஒரு வரியை மட்டும் ஒட்டி, பாமினி, டேப், டிஸ்கி என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். சரியான முறை வந்ததும் வரி பளிச்சென்று தமிழாகும். தவறான முறையில் 'கிட்டத்தட்டத் தமிழ்' என்று ஏதாவது வரும்; அதை வைத்துத் திருப்தி அடையக்கூடாது.

மாற்றியபின் நிச்சயம் மெய்ப்புப் பார்க்கவேண்டும். இடையில் நிஜமாகவே ஆங்கிலத்தில் இருந்த சொற்களும் மின்னஞ்சல் முகவரிகளும் தமிழ்க் கிறுக்கலாக மாறியிருக்கும். அவற்றை மூலத்திலிருந்து தனியாக எடுத்து ஒட்டவேண்டும். 'ஸ்ரீ', மேற்கோள்குறி, அடைப்புக்குறி ஆகிய இடங்களிலும் பிசகு வரும்.

அன்றைக்கு ஆசிரியர் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஒரு தாலாட்டில் 'மாமன் அடிச்சாரோ மல்லிகைப்பூச் செண்டாலே' என்ற வரியில் 'ச்' ஒற்று விழுந்திருந்தது. நான் போடப் போனேன். "இருங்க தம்பி, அது கடைக்காரர் விட்டதா, கணினி விட்டதான்னு பார்ப்போம்" என்றார். மூலத்தைப் பார்த்தோம், அங்கே அரைப்புள்ளி இல்லை. 2002-லேயே கடையில் விட்ட ஒற்று. மாற்றி ஒரு குற்றமும் செய்யவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருப்பது எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைச் சொல்கிறேன்.

கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்

'கொ' என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது, அல்லது புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தின் (◌) மேல் குறி தொங்குகிறது. எண்ணும் எழுத்துருவும் இருக்கின்றன. கோக்கிற ஏற்பாடு இல்லை.

ஃபிளெக்ஸ் பேனர், பத்திரிகை அடிக்கிறவர்கள் ஃபோட்டோஷாப்பில் இதைத்தான் சந்திக்கிறார்கள். 'ப்ரிஃபரன்சஸ்' போய் 'டைப்' என்ற பகுதியில் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். புதிய பதிப்புகளில் அது 'வேர்ல்டு-ரெடி' என்ற பெயரில் இருக்கும். இன்டிசைனில் 'அடோபி வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர்'. பதிப்பு மிகப் பழையது என்றால் இந்த வசதியே இருக்காது. கல்யாணப் பத்திரிகையைக் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அச்சுக்குப் போகுமுன் ஒரு நகல் வாங்கி 'கௌ', 'கொ', 'கோ' வரும் பெயர்களை மட்டுமாவது உற்றுப் பாருங்கள்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் புள்ளிவட்டம் வந்தால் அது தட்டச்சுப் பிழை. பழைய தட்டச்சுப் பொறியில் பழகியவர்கள் கொம்பை முதலில் அடிப்பார்கள். யூனிகோடில் எழுத்து முதலில், குறி பிறகு. அழித்துத் திரும்ப அடித்தால் போதும்.

கண்ணுக்குச் சரி, தேடினால் கிடைக்கவில்லை

போனில் 'ஸ்ரீதர்' என்ற பெயரைச் சேமித்திருக்கிறீர்கள், தேடினால் வரவில்லை. கோளாறு போனில் இல்லை. அந்த 'ஸ்ரீ' இரண்டு விதமாக எழுதப்படலாம்: 'ஸ' வைத்து ஒன்று, 'ஶ' வைத்து ஒன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகத் தெரியும், எண் வேறு. ஒரு விசைப்பலகையில் சேமித்து இன்னொன்றில் தேடினால் சிக்காது. எண்ணை வைத்தோ மற்ற எழுத்துகளை வைத்தோ பெயரைக் கண்டுபிடித்து, இப்போது பயன்படுத்தும் விசைப்பலகையில் திரும்ப அடித்துச் சேமியுங்கள்.

இதைவிடப் பரவலானது ஔகாரம். 'ஔவையார்' என்பதை 'ஒ', 'ள' என்று இரண்டெழுத்தாக அடிப்பவர்கள் ஏராளம். 'கௌரி'யை 'கெ', 'ள' என்று அடிப்பார்கள். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். சோதிக்க ஒரு வழி: அந்த எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து ஒருமுறை பின்னழிக்கும் விசையைத் தட்டுங்கள். 'கெ' மிஞ்சினால் அது தப்பு. நீண்ட கோப்பில் மாற்றும்போது 'ரிப்ளேஸ் ஆல்' போடாதீர்கள். 'கெளுத்தி' மீனும் அதில் மாட்டிக்கொண்டு சிதைந்துபோகும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

பிடிஎஃப்-இல் நன்றாக இருக்கிறது, நகலெடுத்தால் குப்பை

பிடிஎஃப் எழுத்தின் உருவத்தைப் பத்திரமாக வைத்திருக்கும். அந்த உருவம் எந்த எழுத்து என்ற குறிப்பை அதைத் தயாரித்தவர் சேர்க்காவிட்டால், நகலெடுக்கும்போது உளறும். படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் வழிதான் இதற்கு. கணினியில் கூகுள் டிரைவில் ஏற்றி, வலச்சொடுக்கி, 'ஓப்பன் வித்' வழியாக 'கூகுள் டாக்ஸ்' தேர்ந்தெடுங்கள். பக்கங்கள் அதிகமென்றால் சிலசிலவாகப் பிரித்து ஏற்றுங்கள். ஒரு பக்கம்தான் வேண்டுமென்றால் போனில் கூகுள் லென்ஸ் போதும். 'ர'வும் காலும், 'ன'வும் 'ண'வும் இடம் மாறி வரும். அங்கே கண் வையுங்கள்.

ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் மூன்றுக்குக் காசு போகிறது

ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து. தமிழ் ஓர் எழுத்து நுழைந்தாலும் செய்தி முழுவதும் வேறு கணக்குக்கு மாறி 70 குறியாகிவிடும். அதைத் தாண்டினால் துண்டுக்கு 67. புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இது பழுதில்லை, நீளமான தமிழ்ச் செய்தியை இணையவழிச் செயலியில் அனுப்புங்கள்.

மேலே உள்ள எதுவும் பொருந்தவில்லை

தெரிந்தவரிடம் கேட்கப் போகும்போது திரையைப் படம் பிடித்து மட்டும் அனுப்பாதீர்கள். படத்தில் கோலம் தெரியும், எண் தெரியாது. மூலக் கோப்பையே அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' என்ற வழியில். அதோடு மூன்று தகவல்: எந்த ஆண்டு வாக்கில் அடித்தது, எங்கே அடித்தது, நடுவில் இருக்கவேண்டிய ஒரு சொல்லாவது உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா. ஊர்ப்பெயரோ ஆள்பெயரோ ஒன்று தெரிந்தால் போதும். எந்தக் குறி எந்த எழுத்து என்று அங்கிருந்து பிடித்துக்கொண்டு போகலாம். ஆசிரியருடைய இன்னொரு கோப்பில் எழுத்துருப் பெயரும் இல்லை, எந்த மாற்றியும் ஒத்துவரவில்லை. ஒவ்வொரு பாட்டின் கடைசியிலும் 'ஆராரோ ஆரிரரோ' வரும் என்று அவர் சொன்னார். அந்த ஒரு வரியிலிருந்து பிடித்து இப்போது பதினோரு எழுத்து வரை வந்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மறுபடி உட்கார்கிறோம்.